படிக்குப் பின்னால் ஒரு ரிவெட்

திரையில் நீலக்கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. நகரவில்லை என்பதால் நின்றுவிட்டது என்று ஆகாது, இந்தக் கணினி முக்கால் தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவிட்டு மிச்சத்தில் படுத்துக்கொள்ளும் சுபாவமுடையது, என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து தான் பார்ப்பதெல்லாம் அப்படித்தான் என்பாள் மரகதம். கோடு முடிந்தால் என் ஷன்டிங் எஞ்சின் ரயில் சிமுலேட்டருக்குள் போய் இறங்கும், திரையில் தண்டவாளம் விரியும், நீராவியை விடும் ரெகுலேட்டரை நான் திறந்தால் சர்க்கரை ஆலையின் கிளைப்பாதையான சைடிங்கில் கரும்பு வேகன்களை இழுத்துக்கொண்டு அது புறப்படும். பொம்மை ரயில் என்கிறாள். பொம்மை என்றால் கையில் எடுக்கலாம், இதை எடுக்க முடியாது என்று திருத்தினேன். அப்படியானால் பொம்மையிலும் சேர்த்தியில்லை என்றாள். பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின்களைச் செய்ய ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். யார்டை விட்டு வெளியே போகாமல் முன்னும் பின்னும் உருண்டு பெட்டிகளை இடம் மாற்றி வைக்கும் இந்தக் குள்ளனுக்குத்தான் ஆளில்லை. அகராதிப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் எனக்கு இடைச்சொற்கள்மீதுதான் பிரியம், தனியே நின்றால் ஒன்றுமில்லாமல் மற்ற சொற்களைத் தள்ளி உரிய இடத்தில் நிறுத்துபவை. கணினியில் நான் எஞ்சினின் உடம்பைச் செய்தேன், அதன்மேல் நிறமும் கறையுமாகப் போர்த்தும் தோலைக் கமாலுதீன் செய்தான். டாக்டர் கமாலுதீன், போத்தனூரில் பல் மருத்துவமனை, இணையத்துச் சிமுலேட்டர் குழுவில் கிடைத்த ஒரே உள்ளூர்க்காரன், பள்ளிக்கூடம் விட்ட பிறகு எனக்கு வாய்த்த ஒரே நண்பன் என்றும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், இன்று காலையிலிருந்து சொல்லாமலிருக்கிறேன். கறை என்றால் என்ன, அது எங்கே தங்கும், எவ்வளவு காலத்தில் என்ன நிறமாகும் என்பதெல்லாம் வாய்க்குள் பார்த்துப் பழகியவன். புகைபோக்கி அடியில் அவன் படியவிட்ட கரியைப் பார்த்தால் விரலால் துடைக்கத் தோன்றும். அப்படிப்பட்டவன் செய்வானா. அப்படிப்பட்டவன்தான் செய்வான், எஞ்சினின் அருமை தெரியாதவன் எதற்குத் திருடப் போகிறான்.

காலையில் குழுவைத் திறந்தபோது அது இருந்தது. கரும்புகை என்ற புனைபெயரில் யாரோ ஒருவர், விரைவில் வெளியாகும் என்ற அறிவிப்போடு, இரண்டு படங்கள். அதே எஞ்சின். இரண்டு ஆண்டுகளாக நானும் கமாலும் யாரிடமும் மூச்சுவிடாமல் செய்து வரும் அதே சர்க்கரை ஆலைக் குள்ளன், இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, மூக்கின் மேல் மணி. முதல் படத்தில் வலப்பக்கம். அதில் ஒன்றுமில்லை, வலப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அசல் எஞ்சின் பூங்காவில் மேடை போட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பங்கள் எல்லாம் அதன் வலப்பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கின்றன. இடப்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது, நடுவில் புதர், புதரில் பாம்பு உண்டு என்று பூங்காக் காவல்காரர் சொன்னார், நான் நம்பினேன், நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. இந்தத் தொழிலில் யாரும் இரண்டு பக்கமும் செய்வதில்லை. ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு நடுக்கோட்டில் கண்ணாடி வைத்ததுபோல ஒரு கட்டளை கொடுத்தால் மறுபக்கம் தானாக முளைக்கும். சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளை மட்டும் கொஞ்சம் திருப்ப வேண்டும், இடத்தண்டும் வலத்தண்டும் ஒன்றுக்கொன்று கால் சுற்று முன்பின்னாக நிற்கும், இரண்டும் ஒரே நேரத்தில் முட்டி நின்றுவிட்டால் எஞ்சின் கிளம்பாது என்பதற்காக. ஒருவன் தடுமாறும்போது மற்றவன் தள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கமாலுக்கு விளக்கியபோது, நம்மள மாதிரின்னு சொல்லு என்றான். நானும் சிரித்தேன், சிரித்ததை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். இரண்டாவது படம் இடப்பக்கம். தொட்டியின் அடிவரிசையில் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் நேர்கோட்டில் போகின்றன, டிரைவர் ஏறும் படியை நெருங்கும் இடத்தில், படியின் விளிம்பையொட்டி, ஒரு ரிவெட் மட்டும் வரிசையைவிட்டு இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கியவன் நான். அகராதிக்காரர்கள் இல்லாத சொல் ஒன்றைப் புகுத்தி வைப்பார்கள், பின்னால் வருபவன் உழைக்காமல் பார்த்து எழுதினால் அந்தச் சொல்லோடு பிடிபடுவான். நானும் அப்படி ஒன்றை வைத்திருந்தேன், ஒரு நீர்ப்பறவையின் பெயர், இன்றும் அது எங்கோ ஒரு பக்கத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் சொல் வைக்க முடியாது, ரிவெட் வைத்தேன். கண் போகாத இடமாகத் தேடிப் பிடித்து, படிக்குப் பின்னால். ஒருவரிடமும் சொல்லவில்லை. கோப்பு இருந்தது இரண்டே இடத்தில், இந்தக் கணினியிலும் பல் மருத்துவமனையின் கணினியிலும்.

மூன்றாவது இடம் என்று ஒன்று இருக்க முடியுமா என்றும் யோசித்தேன், நியாயமாக யோசிக்க வேண்டுமே. மரகதத்துக்கு என் கடவுச்சொல் தெரியும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய உட்காருவாள், ஆனால் அவள் திருடுவதாக இருந்தால் எஞ்சினைத் திருட மாட்டாள், எஞ்சின் இருக்கும் கணினியைத் தூக்கி எடைக்குப் போடுவாள்.

"ஏனுங்க," என்று அவளே வாசலில் நிற்கிறாள், மனதுக்குள் பெயர் சொன்னால்கூடக் கேட்டுவிடும் போல. "டாக்டருங்ணா போன் பண்ணினாருங்க. சாயங்காலம் வர்றாராமா. உங்க போன நீங்க எடுக்கறதே இல்லையாமா."

"எதுக்காம்?"

"இதென்ன கேள்வி. உங்க மூஞ்சியப் பாக்கவா வருவாரு, எஞ்சினப் பாக்கத்தான். வடைக்குப் பருப்பு ஊறப்போட்டிருக்கறேன்."

"வடையெல்லாம் எதுக்கு?"

"ஏன், அவுருக்குப் பல்லு இல்லையா?" என்றுவிட்டுப் போனாள்.

எஞ்சினைப் பார்க்கத்தான். சரியாகத்தான் சொன்னாள். போன வாரம் முழுக்க வரவில்லை, வேலை அதிகமாம், ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பல்வலி வந்துவிட்டதாம். அதற்கு முந்தைய வாரம் வந்தவன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தான், கேபினின் பின்சுவரில் வந்து நின்றான், என் முகத்தைப் பார்த்தான், ஏதாவது மாத்துனியா என்றான். சின்னச் சின்னத் திருத்தம் என்றேன். சரி என்று டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். குற்றமுள்ளவன் அப்படித்தான் கேட்பான், நான் ஏதாவது அடையாளம் புகுத்தினேனா என்று அறியக் கேட்டிருக்கிறான். திருத்தம் என்னவோ உண்மை. பின்சுவரில் அவன் வரைந்திருந்த துருக்கறை ஒன்று கீழே போய் இரண்டு காலாகப் பிரிந்தது, நீர் வழிந்த கறை கீழே போகப்போகச் சேருமே தவிர அப்படி நேர்த்தியாகக் கவட்டை விரிக்காது, அதை மங்கலாக்கித் தேய்த்துவிட்டேன், பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது, அது என் வியாதி. அதற்காகவா கோபம். கோபக்காரன் சண்டை போடுவான், படம் வெளியிட மாட்டான். கரும்புகை. கமாலுதீன். இரண்டும் ககரத்தில் தொடங்குகின்றன என்பதை ஆதாரமாகச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், அந்தக் கணக்கில் காவல்துறையும் ககரம்தான்.

குழுவில் போட வேண்டிய பதிவைக் காலையிலேயே தட்டி வைத்தாயிற்று. சிமுலேட்டர் ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளை ஜன்னலில் திறந்தே இருக்கிறது, அனுப்பு என்ற பொத்தான் மட்டும் பாக்கி. குழுவின் விதி கடுமையானது, களவு என்று ஆதாரத்தோடு ஒருவர் சொல்லிவிட்டால் அந்த மாடலை நிறுத்திவிட்டு ஆளின் பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு எந்தக் குழுவிலும் சேர்க்க மாட்டார்கள். அனுப்பினால் எஞ்சின் எனக்குத் திரும்பும், கமால் போவான். அனுப்பாவிட்டால் எஞ்சின் கரும்புகைக்குப் போகும், கமால் வடை தின்ன வந்துகொண்டிருப்பான். இதில் எது நஷ்டம் என்று மத்தியானம் முழுக்க நிறுத்துப் பார்த்தும் தராசு நடுவில் நிற்கிறது. வாசகத்தில் மட்டும் சந்தேகமில்லை. திருடர் என்று முதலில் எழுதினேன், மொட்டையாக இருந்தது. களவாணி என்றால் கோழி பிடித்தவன்போல ஒலிக்கிறது. துரோகி மேடைப் பேச்சு. கடைசியில், 'என் உழைப்பை உடனிருந்தே கவர்ந்தவர் டாக்டர் கமாலுதீன்' என்று அமைந்தது. உடனிருந்தே கவர்ந்தவர். அதில் ஒரு நிதானம் இருக்கிறது. ஒருவனை இழப்பதென்றாலும் ஒழுங்கான வாக்கியத்தில் இழக்க வேண்டும்.

நீலக்கோடு முடிந்துவிட்டது, நான் பார்க்காதபோது முடிந்திருக்கிறது. எஞ்சின் நிற்கிறது. சக்கரத்தடியில் நீராவி சீறுகிறது, புகைபோக்கியில் கானல் நடுங்குகிறது, தொட்டியின் மூடியைச் சுற்றித் தண்ணீர் சிந்திக் காய்ந்த வெள்ளைத் தடம், அது கமால் வைத்தது, ஊத்தும்போது சிந்தாமயா இருக்கும் என்று கேட்டு வைத்தான். ரெகுலேட்டரைத் தொடுகிறேன். ஒரு குலுக்கல், வேகன்களுக்கு நடுவே பஃபர்கள் ஒவ்வொன்றாக முட்டிக்கொள்ளும் ஓசை, தண்டுகள் எழுந்து இறங்குகின்றன, இடதும் வலதும் கால் சுற்று முன்பின்னாக. கண் கலங்குகிறது, திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கலங்கும். வாசலில் செருப்புச் சத்தம், வாங்ணா என்கிறாள் மரகதம், அந்த வாங்ணாவில் நமக்குக் கிடைக்காத ஒரு மலர்ச்சி. சிமுலேட்டர் ஜன்னலை இழுத்து வெள்ளை ஜன்னலை முழுக்க மறைத்தேன்.

"என்ன மாசிலா, ஓடுதா?" என்று வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான் கமால். பிளேட்டோடுதான் வந்தான், வழியிலேயே அடுக்களையில் புகுந்திருக்கிறான். கையில் கிராம்புத் தைல வாசனை, அதன்மேல் வடை எண்ணெய். முன்னால் குனிந்து எஞ்சின் போவதைப் பார்த்தான். திருடியவன் இப்படிப் பார்ப்பானா. திருடியதைப் பார்ப்பவன் இப்படித்தான் பார்ப்பான், அருமையாக.

"கரும்புகை படம் போட்டிருக்கானே, பாத்தியா?" என்றேன், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"பாத்தேன். காலைலருந்து அதுக்குத்தான் உனக்குப் போன் போடறேன். உடம்பு நல்லாத்தான் பண்ணியிருக்கான். தோலுதான் சகிக்கல. துரு வெச்சிருக்கானாமா, தக்காளிச் சட்னி கொட்டுன மாதிரி இருக்குது."

"இடப்பக்கம்?"

"அதும் பாத்தேன்."

"படிக்குப் பின்னால?"

கடித்த வடையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். வந்தது, இப்போது வரும் என்று காத்திருந்தேன், எச்சில் விழுங்குவான், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வான். அவன் எதுவும் செய்யவில்லை.

"அந்த ரிவெட்டா? அத நாந்தாப்பா உங்கிட்டக் கேக்கணும். பாம்பு இருக்குது, அந்தப் பக்கம் போகாதேன்னு என்னைய நிறுத்திப்போட்டு, நீ மட்டும் எப்பப் போயிப் பாத்துட்டு வந்த?"

"எங்க?"

"எங்கயா? அசலோட இடப்பக்கந்தான்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தடவினான். "போன மாசம் தோலு போடறப்பப் பாத்தேன், ஒண்ணு இறங்கி நின்னுச்சு. கை தவறிருச்சாட்ட இருக்குது, நேராக்கிப்போடலாம்னு மௌஸையே புடிச்சிட்டேன். அப்பறம், மாசிலாமணி கை தவறற ஆளா, தொடறதுக்கு முன்னால ஒருக்கா போயிப் பாத்துரலாம்னு போனேன். இந்தா."

படத்தில் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவு இடம். தொட்டியின் அடிப்பகுதி படிக்குப் பின்னால் எப்போதோ ஓட்டையாகியிருக்கிறது, ஒட்டுத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள். தகட்டைச் சுற்றி மூன்று ரிவெட்டுகள், வரிசைக்குக் கீழே இறங்கி, சரிந்து. இரண்டைப் படி மறைத்துக்கொள்கிறது. ஒன்று மட்டும் விளிம்பையொட்டி வெளியே தெரிகிறது, நான் வைத்த அதே இடத்தில், இல்லை, நான் வைத்த இடத்தில் அது எனக்கு முன்பே இருந்திருக்கிறது. படம் பழையதா, ஒட்டு வேலையா என்று மனம் உடனே ஓடியது, வெட்கப்படக்கூட இடம் கொடுக்காமல் ஓடியது, நிழல் சரியாக விழுகிறதா, ஓரத்தில் கமாலின் கட்டைவிரல், பின்னால் புதரில் ஒரு ஆடு என்னைப் பார்க்கிறது. அந்த ஆட்டை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. ஒரு காலத்தில் யாரோ ஒருவன் சுத்தியலோடு குனிந்து, இங்கே எவன் பார்க்கப் போகிறான் என்று கோணலாக அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நானும் அதே காரணத்துக்காக அதே இடத்தில் வைத்தேன். பொய்க்கு இடம் தேடினால் எல்லோரும் படிக்குப் பின்னால்தான் போவோம் போலிருக்கிறது.

"பாம்பு?" என்றேன்.

"ஆடுதான் இருந்துச்சு. நீ ஒண்ணுதான் இறக்கியிருந்த, அங்க மூணு இருக்குது. மறைஞ்சுதான இருக்குதுன்னு உட்டுட்டேன். அந்தக் கரும்புகையும் பின்னால போயிருக்கான், போனவனுக்குத் தெரியும்." போனைக் கீழே வைத்தான். "மாசிலா. நீ போகவே இல்லையா?"

"போகல."

"அப்பறம் எப்படி?"

"அது சும்மா. பொறிக்கு வெச்சது."

"யாருக்குப் பொறி?"

"எவனாச்சும் எடுத்துட்டுப் போனான்னா..."

"எங்கிட்ட மட்டுந்தானப்பா ஃபைல் இருந்துச்சு," என்றான் கமால், சாதாரணமாக, வாயை அகலமாகத் திறங்க என்று சொல்லும் குரலில். நான் எஞ்சினை நிறுத்தினேன். சைடிங் முடியும் இடம் வந்துவிட்டது, அதனால்தான் நிறுத்தினேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் எஞ்சினைத் திருப்பினான், கேபினின் பின்சுவர் வந்தது.

"சரி, உன்ர கதை முடிஞ்சுது. இங்க ஒரு கறை இருந்துச்சே, எங்க?"

தண்ணீர்க் கறை கீழே போய் ஏன் பிரியாது என்பதை விளக்கத் தொடங்கினேன். புவியீர்ப்பு வரை போயிருப்பேன், கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது கறை இல்லீங் சாமி. கடவாய்ப் பல்லு. ரெண்டு வேரு."

"பல்லு எதுக்கு எஞ்சின்ல?"

"எதுக்கா? நீயி பாட்டுக்கு உன்ர பேர்ல மட்டும் வெளியிட்டுட்டீன்னா? தோலு என்ர தோலுன்னு நான் எதக் காட்டறது?" சிரிக்காமல் சொன்னான். "அன்னைக்கு வந்து பாத்தா பல்லக் காணம். ஏதாச்சும் மாத்துனியான்னா, சின்னச் சின்னத் திருத்தம்ங்கற. ஊருக்கெல்லாம் பல்லப் புடுங்கறவன் நானு, என்ர பல்லையே ஒருத்தன் புடுங்கிட்டான், கண்டுபுடிச்சுத்தான் அழிச்சிருக்கான்னு ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்தேன்."

அவன் என் பிழையைத் தொடுமுன் பூங்காவுக்குப் போய்ப் புதரில் இறங்கியிருக்கிறான். நான் அவனுடையதைப் போகிற போக்கில் தேய்த்துவிட்டேன், அசலில் அந்தப் பின்சுவர் வலப்பக்கத்திலிருந்தே தெரியும், ஆடுகூடக் கிடையாது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன். காலையில் அவ்வளவு நன்றாக அமைந்தது, இப்போது ஒன்றும் வரவில்லை.

"தள்ளு," என்றான். "மறுபடி வரைஞ்சர்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"எங்க வெக்கறேன்னு நான் பாக்கக் கூடாதா?"

"கூடாது."

திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்கிறேன். சுவரில் என் அகராதிகள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது, மௌஸ் ஓசை, டக், டக். தோல் வரைவதற்கு அவன் சிமுலேட்டரை மூட வேண்டும். மூடினால். சிமுலேட்டரை மூடினால் பின்னால் இருப்பது வெள்ளை ஜன்னல், உடனிருந்தே கவர்ந்தவர், அனுப்பு. இப்போது திரும்பினால் ஏமாற்றுகிறேன் என்பான். திரும்பாவிட்டால் படிப்பான். கண்ணை மூடிக்கொண்டேன், முழுவதும் அல்ல. அலமாரிக் கண்ணாடியில் திரை தெரிகிறது, இடவலம் மாறி, எழுத்துப் புரியாமல், நிறம் மட்டும். செம்பழுப்பாக இருந்த செவ்வகம் வெள்ளையாயிற்று. மௌஸ் ஓசை நின்றுவிட்டது. அடுக்களையில் எண்ணெய் பொரிகிறது. வெள்ளை அப்படியே இருக்கிறது. நான் எழுதியது அவ்வளவு நீளமில்லை, ஒரு பத்தி, அவன் இரண்டாம் முறை படிக்கிறான். இல்லை, அனுப்பு என்ற பொத்தானைப் பார்க்கிறான். இல்லை, எழுந்துகொள்ளப் போகிறான், நாற்காலி கிறீச்சிடும், செருப்புச் சத்தம், ஏனுங்ணா கிளம்பிட்டீங்க என்பாள் மரகதம், அதற்கு அவன் வேலை இருக்குதுன்னு சொல்வான், ஊரில் எல்லோருக்கும் பல்வலி. கண்ணாடியில் வெள்ளை, அதன் பின்னால் அகராதியின் முதுகுகள், அவற்றில் ஒன்றுக்குள் இல்லாத பறவை. ஒரே ஒரு சொல் சொல்லிவிட வேண்டும், இத்தனை சொற்களுக்கு முன்னால் நிற்கிறேன். கமால் என்று சொன்னேன், அல்லது சொன்னதாக நினைத்தேன். வெள்ளை போயிற்று. மறுபடி செம்பழுப்பு. டக், டக், டக், சின்னச் சின்னதாக, குனிந்து ஒரு வாய்க்குள் வேலை செய்பவன் போல வெகுநேரம்.

"திரும்பிக்கலாம்," என்றான்.

திரையில் எஞ்சின். பின்சுவர் முழுக்கத் துரு, எங்கே பல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. கீழே பட்டையில் வெள்ளை ஜன்னலின் குறி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிமுலேட்டருக்கு ஏற்றும் எக்ஸ்போர்ட்டை அழுத்தினான், நீலக்கோடு முதலிலிருந்து கிளம்பியது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பிளேட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஒரு வடைதான் மிச்சம் இருக்குது," என்றான் கமால். "உடனிருந்தே கவர்ந்துக்கறேன்."